மூடிக்கு உள்ளே ஒரு திங்கட்கிழமை

அத்தியாயம் ஆறு

வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணி. சாயங்காலம் நாலு மணிக்குள் ஒரு மனிதன் கொலை செய்யவில்லை என்று மாஜிஸ்ட்ரேட் முன்னால் காட்டியாக வேண்டும். கைவசம் இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டர், ஒரு நோட்டுப் புத்தகம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத இரண்டு வயிறு. உரலுக்குள் தலையை விட்டாகிவிட்டது, இனி உலக்கைக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது என்று ஸ்பீக்கர் மாடிப்படி ஏறினான்.

ஸ்பீக்கர் என்பது கோர்ட்டில் வைத்த பெயர். பன்னிரண்டு வருஷம் வீடு வீடாகச் சம்மன் கொண்டுபோய்க் கொடுத்தவன். அவன் காதோடு ரகசியம் சொன்னால் மூன்றாவது வீட்டில் விளக்குப் போடுவார்கள். அவனுக்கு முன்னால் படியேறிக்கொண்டிருந்த ஸ்டெனோ அதற்கு நேர் எதிர். இருபத்தெட்டு வருஷம் கோர்ட்டில் மற்றவர்கள் பேசியதையே எழுதிக்கொண்டிருந்ததால், சொந்தமாகப் பேசும் பழக்கம் விட்டுப்போன பெண்மணி. ஓய்வு பெற்றபின் வக்கீல்களுக்காகத் துப்புத் துலக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு. இப்போது சிரிப்பதில்லை.

மோட்டார் மெக்கானிக்கின் வீடு மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. அவர் மனைவி தையல் மிஷினில் ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் வந்த பிறகும் நிறுத்தவில்லை.

"நிறுத்தினா கை நடுங்குதுக்கா. தைச்சுக்கிட்டே சொல்றேன்" என்றாள். "திங்கட்கிழமை காலையில எட்டரைக்கு ரெண்டு பேர் வந்தாங்க. யூனிஃபார்ம் இல்ல. 'ஸ்டேஷன்ல மோட்டார் ஓடல, வந்து பாரு'ன்னாங்க. டூல் பையைத் தூக்கிக்கிட்டு கூடவே போனாரு. அதுக்கப்புறம் அவரை நான் பாக்கல."

"தேடிப் போனீங்களா?"

"ரெண்டு மணிக்கு ஸ்டேஷன் கேட்டுக்குப் போனேன். அப்படி யாரும் இங்க இல்லைன்னாங்க. செவ்வாக்கிழமை பூரா அங்கதான் நின்னேன். அதே பதில். புதன்கிழமை காலையிலயும் அதேதான். அன்னைக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு போன் வருது. உன் புருஷனைக் கொலைக் கேஸ்ல பிடிச்சிருக்கோம்னு."

கொலையானவர் மருந்துக்கடைக்காரர். திங்கட்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, கடைக்குள்ளேயே மண்டையில் அடித்துப் போட்டிருந்தார்கள். பக்கத்துச் சாக்கடையிலிருந்து போலீஸ் எடுத்துக் காட்டிய ஆயுதம் ஒரு பைப் ரென்ச். அதில் 417 என்று பொறித்திருந்தது. அது மெக்கானிக்கின் லைசென்ஸ் எண்.

"பையில இருந்த ரென்ச்" என்றான் ஸ்பீக்கர். "பை ஸ்டேஷன்ல. ரென்ச் மட்டும் கால் முளைச்சு சாக்கடைக்கு நடந்து போயிருக்கு. நல்ல ரென்ச்."

ஸ்டெனோ அவனைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் கேட்டாள். "கைது பண்ணா ஒரு காகிதம் எழுதணும்மா. எங்க, எப்போ, எதுக்குன்னு. அதுல ஒரு சாட்சி கையெழுத்துப் போடணும். சொந்தக்காரங்களுக்கு உடனே சொல்லணும். வக்கீலைப் பாக்க விடணும், டாக்டர் பாக்கணும், இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தணும். இதெல்லாம் கேக்குற உரிமை உங்களுக்கு இருக்குன்னு யாராவது சொன்னாங்களா?"

மிஷின் நின்றது. "பிடிச்சவங்களே எப்படிக்கா சொல்லுவாங்க?"

ஸ்பீக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"காகிதத்துல புதன்கிழமை சாயங்காலம் கைதுன்னு எழுதியாச்சு" என்றாள் ஸ்டெனோ. "இன்னைக்கு நாலு மணிக்கு நிறுத்தினா கணக்கு கச்சிதம். திங்களும் செவ்வாயும் காலண்டர்லயே கிடையாது. நாலு மணிக்கு பத்து நாள் போலீஸ் காவல் கேப்பாங்க."

"பத்து நாளா." அந்தப் பெண் தைத்துக்கொண்டிருந்த உறையைச் சுருட்டி மடியில் வைத்தாள். "அவரு ரெண்டு நாளுக்கே தாங்க மாட்டாருக்கா. பத்து நாள் கழிச்சு, நான்தான் உலகத்துல இருக்குற எல்லாரையும் கொன்னேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவாரு."

அதுதான் நிஜம் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஸ்டெனோ நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தாள்.

கீழே இறங்கும்போது, படிக்கட்டுக்கு அடியில் கட்டடத்தின் தண்ணீர் மோட்டாரின் சுவிட்சுப் பெட்டி இருந்தது. ஸ்டெனோ நின்றாள். சட்டென்று குனிந்து இரும்பு மூடியைத் திறந்தாள். மூடியின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு மார்க்கரில் வரி வரியாக எழுத்து. தேதி, கழற்றிய நேரம், ஓட்டிய நேரம், எத்தனை ஆம்பியர் என்ற அளவு, கடைசியில் ஒவ்வொரு வரியிலும் 417.

வழியனுப்ப வந்த மனைவி சொன்னாள். "எந்தப் பெட்டியைத் திறந்தாலும் மூடியில எழுதாம மூட மாட்டாரு. இவரு மட்டும் இல்ல, இந்தத் தொழில்ல எல்லாருமே அப்படித்தான். முன்னால யாரு கை வச்சாங்கன்னு அடுத்து வர்றவனுக்குத் தெரியணும்ல."

"அக்கா, அப்போ ஸ்டேஷன் மோட்டார் பெட்டியிலயும்..." என்று ஸ்பீக்கர் மெதுவாகத்தான் ஆரம்பித்தான். இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.

"வண்டியை எடு" என்றாள் ஸ்டெனோ.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அரசாங்கக் கட்டடங்களின் மின்பிரிவு அலுவலகம் முன்னால் நிறுத்தச் சொன்னாள். "என் பென்ஷன் பேப்பர் ஒண்ணு பாக்கி இருக்கு. பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம் அரை மணி நேரம் ஆயிற்று. வெயிலில் ஸ்கூட்டர் சீட்டு தோசைக்கல்லாகக் காய, ஸ்பீக்கர் பொருமினான். ஒருத்தன் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது, இந்த அம்மாவுக்குப் பென்ஷன். வெளியே வந்தவளின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அது எப்போதும் அப்படித்தான்.

"கிடைச்சுதா பென்ஷன்?"

"கிடைச்ச மாதிரிதான்."

போலீஸ் ஸ்டேஷன் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. வாசலிலேயே செல்போன்களை வாங்கி ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டுக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். மெக்கானிக்கின் வக்கீல் கொடுத்தனுப்பிய கடிதத்தைப் படித்துவிட்டு, கைதுக் காகிதத்தின் நகலை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். புதன்கிழமை மாலை ஆறு பத்து, பஸ் நிலையம் அருகில் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"லாக்கப் ரிஜிஸ்டரையும் வேணும்னா பாத்துக்கங்கம்மா. திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் லாக்கப் காலி" என்று அவரே திறந்து காட்டினார். வெற்றுப் பக்கங்கள். "நம்ம ஏரியா அவ்வளவு அமைதி."

"மருந்துக்கடைக்காரர் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றாள் ஸ்டெனோ. பிறகு ஸ்பீக்கரிடம் திரும்பி, "கை கழுவணும்னு சொன்னியே. போய்ட்டு வா" என்றாள்.

அவன் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் புரிந்தது. பின்பக்க நடையில் போனான். இடதுபுறம் கழிப்பறை, வலதுபுறம் கதவில்லாத மோட்டார் அறை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்தவன், இருட்டில் ஒரு இரும்பு வாளியை உதைத்தான். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. வாளி உருண்டு சுவரில் மோதி, இன்னொரு வாளியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டது.

இனி நேரம் இல்லை. மூடியைத் திறந்தான். கடைசி இரண்டு வரிகள். மேல் வரி மார்க்கரில்: திங்கள், கழற்றியது 9.10, ஓட்டியது 12.20, ஆறரை ஆம்பியர், 417. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், பேனாவில்: செவ்வாய், 10.15, சரி.

"என்னய்யா அங்க?" வாசலில் காவல் நின்ற கான்ஸ்டபிள்.

"தண்ணி வருதான்னு பாத்தேங்க."

"குழாயைத் திறந்தாத்தான்யா தண்ணி வரும். பெட்டியைத் திறந்தா ஷாக்குதான் வரும்." கான்ஸ்டபிளின் பார்வை ஸ்பீக்கரின் விரல்களில் இருந்த கிரீஸ் மேல் போயிற்று. பிறகு பெட்டிமேல் போயிற்று. அங்கேயே நின்றது.

வெளியே வந்ததும் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். "பன்னிரண்டு மணிக்குக் கொலை. பன்னிரண்டு இருபதுக்கு மனுஷன் ஸ்டேஷன் மோட்டாரை ஓட்டிக்கிட்டு இருக்காரு. அவருக்கு சாட்சி போலீஸ் ஸ்டேஷனேதான். ஆனா அந்தக் கான்ஸ்டபிள் என்னைப் பாத்துட்டான்க்கா. அழிச்சிடுவாங்க. இப்பவே வக்கீலைக் கூட்டிக்கிட்டுப் போய்..."

"பசிக்குது. சாப்பிடலாம்" என்றாள் ஸ்டெனோ.

அவன் சாப்பிடவில்லை. அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

நாலு மணிக்கு மெக்கானிக்கைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயசு, நல்ல தாட்டியான உடம்பு. ஆனால் பாதத்தின் விளிம்பில் நடந்தார். உள்ளங்காலைத் தரையில் வைக்கவே இல்லை. சம்மன் கொடுக்கப் போன வீடுகளில், ஸ்டேஷனில் அடிவாங்கி வந்தவர்களிடம் இந்த நடையை ஸ்பீக்கர் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறான். மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்து, அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஜிஸ்ட்ரேட் மெலிந்த, கண்டிப்பான அம்மாள். "போலீஸ் உங்களை அடிச்சாங்களா? ஏதாவது குறை சொல்லணுமா?"

மெக்கானிக்குக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் இன்ஸ்பெக்டர் நின்றார்.

"இல்லைங்கம்மா."

வேலியே பயிரை மேயும்போது பயிர் யாரிடம் போய்ச் சொல்லும்? வக்கீல் எழுந்தார். அவர் கையில் ஸ்டெனோவின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே கேட்டார்.

"இன்ஸ்பெக்டர், புதன்கிழமை சாயங்காலத்துக்கு முன்னால இவர் உங்க ஸ்டேஷனுக்கு எப்பவாவது வந்தது உண்டா?"

"இல்ல."

"விசாரணைக்கு? ஏதாவது வேலைக்கு?"

"ஸ்டேஷன் வாசல்படியைக்கூட மிதிச்சதில்ல."

மாஜிஸ்ட்ரேட் அதை எழுதிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கீழே கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் வக்கீல் மோட்டார் பெட்டியின் மூடியைக் கேட்டார். கோர்ட் சிப்பந்தி ஒருவரை ஸ்குரூ டிரைவரோடு எதிர்ச்சாரிக்கு அனுப்பினார்கள். கால் மணி நேரத்தில் அவர் மூடியோடு திரும்பி வந்தார்.

மாஜிஸ்ட்ரேட் அதைத் திருப்பிப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. ஒரு புள்ளி மை இல்லை. முதல் வரிசை வரைக்கும் பெயிண்ட் தின்னர் வாடை அடித்தது.

ஸ்பீக்கர் அப்படியே பெஞ்சில் சரிந்தான். என்னால்தான். இந்தக் கையால், இந்தக் காலால், அந்தப் பாழாய்ப்போன வாளியால். ஒரு குடும்பத்தைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டேன். பக்கத்தில் பார்த்தான். ஸ்டெனோ நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"மூடி சுத்தமா இருக்கே" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"ஸ்டேஷன்ல பராமரிப்பு வேலை நடக்குதும்மா. எல்லாத்தையும் துடைக்கச் சொல்லியிருந்தேன்."

"எப்போ சொன்னீங்க?"

"இன்னைக்கு மத்தியானம்" என்றார் இன்ஸ்பெக்டர். சொன்ன பிறகு அவர் முகம் மாறிற்று. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வக்கீல் பின்னால் திரும்பிக் கை காட்டினார். கடைசி மூலையிலிருந்து ஒரு வழுக்கைத்தலை மனிதர் எழுந்தார். கையில் நீளமான ரிஜிஸ்டர். மின்பிரிவு மேற்பார்வையாளர் என்று சொல்லிக்கொண்டார்.

"ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் எங்க எலக்ட்ரீஷியன் எல்லா அரசாங்கக் கட்டடத்துலயும் மோட்டாரைப் பாத்துட்டு வருவாரும்மா. மூடியில கடைசியா என்ன எழுதியிருக்கோ, அதை அப்படியே ரிஜிஸ்டர்ல காப்பி எடுத்துக்கிட்டு, அதுக்குக் கீழேதான் தன் வரியை எழுதணும். எங்க விதி அது. வெளி ஆள் யாராவது கை வச்சிருந்தா எங்களுக்குத் தெரியணும்ல."

"இந்த வாரம் போலீஸ் ஸ்டேஷன்ல என்ன காப்பி எடுத்திருக்கார்? படிங்க."

அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "திங்கள். கழற்றியது ஒன்பது பத்து. ஓட்டியது பன்னிரண்டு இருபது. ஆறரை ஆம்பியர். நானூத்திப் பதினேழு."

மாஜிஸ்ட்ரேட் கையை நீட்டி ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார்.

"எங்க ஆள் வந்து போனதுக்கு அத்தாட்சியா அந்தந்த ஆபீஸ்ல கையெழுத்து வாங்குவோம்மா" என்றார் மேற்பார்வையாளர். "இது ஸ்டேஷன் ரைட்டர் போட்ட கையெழுத்து. இது ஸ்டேஷன் சீல். செவ்வாய்க்கிழமை தேதியோட."

தன் ஸ்டேஷனின் எழுத்து வேலை மொத்தத்தையும் பார்க்கிற அந்த ரைட்டர், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலேயே நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அடுத்தவர்களைப் படிக்கவிடாமல் கையெழுத்து வாங்கியே பழகிய இடம் அது.

"உங்களுக்கு இது எப்போ தெரியும்?" ஸ்பீக்கர் ஸ்டெனோவின் காதில் கேட்டான். மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்து பார்த்தார். அவன் குரலை இன்னும் இறக்கினான். "பென்ஷன்னு போனீங்களே, அப்பவா?"

"இருபத்தெட்டு வருஷம் கோர்ட் மோட்டாருக்கும் அந்த ரிஜிஸ்டர் வந்துக்கிட்டிருந்தது. பாத்துக்கிட்டே இருந்திருக்கேன்."

"அப்புறம் என்னை எதுக்கு அங்க அனுப்பினீங்க?"

"ரிஜிஸ்டரை மட்டும் காட்டியிருந்தா, ஆமா, மோட்டார் வேலைக்கு வந்தான், முடிச்சுட்டுப் போய்க் கொன்னான்னு சொல்லியிருப்பாரு. கொலை நடந்த நேரத்தை ஒரு மணிக்குத் தள்ளுறது அவங்களுக்கு பெரிய விஷயமா? வரவே இல்லைன்னு அவர் வாயால சொல்லணும். மூடியை அவரே அழிக்கணும். மூடியில என்ன இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சாத்தானே அழிப்பாரு."

"சத்தம் இல்லாம போகணும்னு செருப்பையெல்லாம் கழட்டினேன்க்கா."

"சத்தம் இல்லாம போகணும்னா நானே போயிருப்பேன்."

கோபப்படுவதா, நிம்மதிப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டும் கலந்து கண்ணில் தண்ணீராக வந்தது.

மாஜிஸ்ட்ரேட் எழுதி முடித்துவிட்டுப் பேசினார். போலீஸ் காவல் மறுக்கப்படுகிறது. உடனே டாக்டர் பரிசோதனை. அது முடிந்ததும் சொந்த ஜாமீனில் விடுதலை. பொய் ஆவணம் எழுதியது பற்றித் தனி விசாரணை. அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "நீங்களும் உங்க ஆளுங்களும் வெளியே போய் நில்லுங்க. கூப்பிடுறப்போ வரலாம்."

கதவு சாத்தப்பட்டது. மெக்கானிக்குக்குப் பின்னால் இப்போது யாரும் இல்லை. அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்து அதை உறுதி செய்துகொண்டார்.

"முதல்ல கேட்டதையே திரும்பக் கேக்குறேன்" என்றார் மாஜிஸ்ட்ரேட். குரல் தணிந்திருந்தது. "ஏதாவது சொல்லணுமா?"

"சொல்லணும்மா." கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் மட்டும் இல்லம்மா. மோட்டார் வேலை முடிஞ்சதும் என்னை உள்ள தள்ளுனாங்க. அங்க எனக்கு முன்னாடியே ஒருத்தர் இருந்தாரு. சனிக்கிழமை கொண்டுவந்தாங்களாம். எதுக்குன்னு அவருக்கே தெரியல. என்னை அடிச்சுப் போட்டப்போ தண்ணி குடுத்தது அவருதான். செவ்வாக்கிழமை மத்தியானம் அவரைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. திரும்பக் கொண்டுவந்து போட்டப்போ பேச்சு இல்ல. சாயங்காலம் போர்வையில சுத்தித் தூக்கிட்டுப் போய்ட்டாங்க. வாயைத் திறந்தா நீயும் அந்த வழிதான்னு சொன்னாங்க."

ஸ்டெனோவின் பேனா நின்றது. இத்தனை வருஷத்தில் அது நின்று ஸ்பீக்கர் பார்த்ததில்லை. லாக்கப் ரிஜிஸ்டரின் வெற்றுப் பக்கத்தை இன்ஸ்பெக்டர் எதற்கு அவ்வளவு ஆசையாகத் திறந்து காட்டினார் என்று இப்போது புரிந்தது.

"அவர் பேர் என்ன?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"கேக்காம விட்டுட்டேன்மா. மூணு நாளா என்னைத் தேடி ஒருத்தர்கூட வரலையேன்னு அழுதுக்கிட்டே இருந்தாரு. வெளியில யாருக்கும் என்மேல அக்கறை இல்லன்னு."

"வந்தாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். கடைசி வரிசையில் மெக்கானிக்கின் மனைவி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தாள்.

"கேட்ல என் பக்கத்துல ஒரு அக்கா நின்னாங்கம்மா. திங்கட்கிழமையும் நின்னாங்க, செவ்வாக்கிழமையும் நின்னாங்க. தம்பியைத் தேடுறேன்னு சொன்னாங்க. எனக்குச் சொன்ன அதே பதிலைத்தான் அவங்களுக்கும் சொன்னாங்க. அப்படி யாரும் இங்க இல்லைன்னு." அவள் கூண்டில் நின்ற கணவரைப் பார்த்தாள். "புதன்கிழமை காலையில அவங்களைக் காணோம். தம்பி கிடைச்சுட்டான் போலன்னு நினைச்சு, நான் சந்தோஷப்பட்டேன்மா."